காயத்தோடு கல்லூரி மாறும் ஃபுட்பால் வீரர்கள்: பெரிய தொகை கைமாறும் முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த ஆட்டம்? கல்லூரியில் படிக்கும் பையனுக்கு எங்கிருந்து இவ்வளவு பணம்?

அமெரிக்கன் ஃபுட்பால். ஹெல்மெட்டும் தோள்பட்டைக் கவசமும் போட்டுக்கொண்டு ஆளோடு ஆள் மோதி விழுத்தும் ஆட்டம். அங்கே கல்லூரி அணிகளுக்கு இருக்கும் வெறி சாதாரணமானது அல்ல. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம்.

நெடுங்காலமாக இந்த வீரர்களுக்குக் கிடைத்தது படிப்பு உதவித்தொகை மட்டும்தான். தன் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்க 2021 ஜூலை 1 முதல் அனுமதி வந்தது. அடுத்து, ஹவுஸ் வழக்கு என்று சொல்லப்படும் வழக்கில் 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். அதன்படி 2025 ஜூலை 1 முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருட உச்சவரம்பு, ஒரு கல்லூரியின் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து, சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். நம் கணக்கில் 175 கோடி ரூபாய் அளவுக்கு வரும். பெரிய அணிகளில் அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கே போகிறது. வெளியிலிருந்து வரும் விளம்பர ஒப்பந்தங்கள் தனி.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்றால்?

கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பெயர்ப் பட்டியல். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ 2018 அக்டோபரில் தொடங்கியது. வீரர் எழுதிக் கொடுத்தால் 2 வேலை நாளுக்குள் அவர் பெயரை அதில் ஏற்ற வேண்டும். ஏறிய பிறகுதான் மற்ற கல்லூரிகள் அவரோடு பேசலாம். 2024 ஏப்ரலில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறி உடனே ஆடலாம். முன்பெல்லாம் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டியிருந்தது. அந்த ஒரு வருடத்தில் பல காயங்கள் சத்தமில்லாமல் ஆறிவிடும் என்பதை இப்போதுதான் எல்லோரும் உணர்கிறார்கள்.

அடிபட்ட ஆளுக்கு எதற்காகப் பெரிய தொகை கொடுக்கிறார்கள்?

நல்ல குவார்ட்டர்பேக் கிடைப்பது அவ்வளவு கஷ்டம். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். பெரிய ஆட்டங்களில் நின்று பழகிய ஒருவர் சந்தைக்கு வந்தால், கை கட்டுப் போட்டிருந்தாலும் வாங்கத் தயாராக இருக்கிறார்கள்.

கார்சன் பெக் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக். 2024 டிசம்பர் 7 அன்று டெக்சஸுக்கு எதிரான எஸ்ஈசி (தென்கிழக்குக் கல்லூரிகளின் கூட்டணி) இறுதி ஆட்டத்தில், முதல் பாதியின் கடைசிப் பந்தில், எறியும் கையின் முழங்கை ஜவ்வு போனது. டிசம்பர் 23 அன்று லாஸ் ஏஞ்சலஸில் டாக்டர் நீல் எலட்ரஷ் அறுவை சிகிச்சை செய்தார். முதலில் தொழில்முறைப் போட்டியான என்எஃப்எல்லுக்குப் போவதாக அறிவித்த பெக், ஜனவரியில் மனம் மாறிப் போர்ட்டலில் பெயர் கொடுத்து மயாமி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அறுவை நடந்து 3 வாரம் கூட ஆகவில்லை. பல மில்லியன் டாலர் ஒப்பந்தம் என்று செய்திகள் வந்தன. அந்தக் கையால் ஒரு பந்து கூட எறிந்து காட்டாத நேரத்தில் முடிவான பேரம் அது. அடுத்த சீசனில் அதே கையோடு மயாமியைத் தேசிய இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். 2026 ஜனவரியில் இந்தியானாவிடம் தோற்றார்கள்.

2026 ஜனவரிச் சந்தையிலும் இதே கதைதான். அரிசோனா ஸ்டேட்டின் சாம் லெவிட் பாதக் காயத்தால் சீசனைப் பாதியில் விட்டவர், எல்எஸ்யூ என்ற லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நெப்ராஸ்காவின் டிலன் ரயோலா நவம்பரில் கால் எலும்பு முறிந்தவர், ஒரேகனுக்குப் போனார்.

பரிசோதனைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது?

போதாது. என் பெரிய மனக்குறையே இதுதான்.

என்எஃப்எல் தன் புது வீரர்களை எப்படிப் பார்க்கிறது என்பதோடு ஒப்பிட்டால் புரியும். வருடா வருடம் பிப்ரவரி கடைசி வாக்கில் இண்டியனாபொலிஸில் 'கம்பைன்' நடக்கிறது. டிவியில் காட்டுவது ஓட்டப் பந்தயமும் தாவலும். ஆனால் அந்தக் கூடல் 1982-ல் உருவானதற்கு முக்கியக் காரணமே மருத்துவப் பரிசோதனைதான். அணிகள் தனித்தனியாகச் செலவழித்துப் பார்ப்பதற்குப் பதில் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம் என்று. 300-க்கும் மேற்பட்ட வீரர்கள் வருகிறார்கள். 32 அணிகளின் டாக்டர்களும் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் அங்கேயே எம்ஆர்ஐ. அறுவை நடந்து இன்னும் ஆறாதவர்களை ஏப்ரலில் மறுபடியும் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆக, ஒரே உடம்பை 2 மாத இடைவெளியில் 2 தடவை பார்த்துவிட்டுத்தான், அணிகள் முறை வைத்து ஒவ்வோர் ஆளாக எடுக்கும் தேர்வு.

கல்லூரிச் சந்தையில் இப்படி எதுவுமே கிடையாது. 2026-ல் போர்ட்டல் ஜனவரி 2-ஆம் தேதி திறந்து 16-ஆம் தேதி மூடியது. முன்பு வசந்த காலத்தில் இன்னொரு வாய்ப்பு இருந்தது, அதையும் எடுத்துவிட்டார்கள். நல்ல குவார்ட்டர்பேக் முதல் வாரத்திலேயே முடிவாகிவிடுவார். ஒருநாள் இங்கே, மறுநாள் இன்னொரு ஊர் என்று விமானம் ஏறிக்கொண்டிருக்கும் பையனை எந்த டாக்டரும் நிதானமாகப் பார்க்க முடியாது. "இன்னும் 2 நாள் கொடுங்கள், ஒரு சிடி ஸ்கேன் எடுத்துவிடலாம்" என்று டாக்டர் கேட்டால், அந்த 2 நாளில் ஆள் வேறு கல்லூரிக்குப் போய்விடுவாரோ என்ற பயம் கோச்சுக்கு.

பழைய கல்லூரியில் இருக்கும் மருத்துவப் பதிவுகளைப் புதிய கல்லூரி தானாக எடுத்துப் பார்க்க முடியுமா?

முடியாது. வீரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான். வெளி மருத்துவமனையில் இருக்கும் பதிவுக்கு ஹிப்பா என்ற 1996-ஆம் வருடச் சட்டம் காவல். கல்லூரிக்குள் இருக்கும் மாணவர் பதிவுகளுக்கு 1974-ன் ஃபெர்பா சட்டம் காவல். சம்மதத்தில் எதைக் கொடுக்கலாம், யாருக்கு, எத்தனை நாள் வரை என்று எழுத இடம் உண்டு. அவசரத்தில் பலர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்தாகப் போட்டுவிடுகிறார்கள். முழங்கால் பற்றிப் பேச வந்த இடத்தில், 18 வயதில் மன அழுத்தத்துக்கு ஆலோசனைக்குப் போன குறிப்பும் சேர்ந்து போக வேண்டிய அவசியம் இல்லை.

நேரில் பார்க்கும்போது என்ன செய்வார்கள்? மைதானத்தில் ஓடச் சொல்லலாமா?

கூடாது. என்சிஏஏ விதி தெளிவாக இருக்கிறது. கல்லூரியைப் பார்க்க வரும் வீரரை அணி டாக்டர் பரிசோதிக்கலாம். அந்த அறையில் விளையாட்டுத் துறை ஆட்களில், வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் ட்ரெய்னர் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது. திறமையையோ வேகத்தையோ அளக்கும் சோதனை எதுவும் கூடாது. முடிவை வைத்துக் கல்லூரிச் சேர்க்கையை மறுக்கவும் கூடாது. அதாவது மூட்டு தாங்குகிறதா என்று பார்க்கலாம். ஸ்டாப்வாட்சை எடுத்தால் தப்பு. கோச் எட்டிப் பார்க்கவும் கூடாது. நல்ல விதி.

ஏசிஎல் ஜவ்வு கிழிந்து அறுவை செய்துகொண்ட முழங்கால் என்று வைத்துக்கொள்வோம். பையனை மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டியை லேசாக மடக்கி, டாக்டர் ஒரு கையால் தொடையை அழுத்திப் பிடிப்பார். இன்னொரு கையால் கெண்டைக்கால் பக்கமாகப் பிடித்து எலும்பை முன்னே இழுப்பார். பெயர் லாக்மன் சோதனை. எலும்பு எவ்வளவு நகர்கிறது என்பது பாதி விஷயம். மீதிப் பாதி, நகர்ந்து நிற்கும் இடத்தில் 'டக்' என்று கெட்டியாக நிற்கிறதா, இல்லை இழுக்க இழுக்கக் கொழகொழவென்று போகிறதா என்பது. அதை விரல்கள்தான் சொல்லும், எந்தக் காகிதத்திலும் இருக்காது. பிறகு அதையே நல்ல காலிலும் செய்து பார்ப்பார், ஏனென்றால் சிலருக்கு உடல்வாகே தளர்வு.

அப்புறம் டேப் எடுத்து, முட்டிக்கு மேலே இரண்டு தொடையிலும் ஒரே உயரத்தில் சுற்றளவு பார்ப்பார். அடிபட்ட பக்கம் தொடை சூம்பியிருந்தால், தெரபி ஒழுங்காக நடக்கவில்லை, அல்லது வலி இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். மெஷினில் உட்கார வைத்து இரண்டு காலின் உதைக்கும் பலத்தையும் அளப்பார்கள். நல்ல காலில் 90 சதவீதமாவது வர வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. வீரர் "எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன்" என்று என்ன சொன்னாலும் டேப்பும் மெஷினும் வேறு கதை சொல்லும்.

எம்ஆர்ஐ எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடாதா?

தெரியாது. கல்லூரி ஃபுட்பால் ஆடிய எந்தத் தோளை ஸ்கேன் எடுத்தாலும் ஏதாவது ஒரு கிழிசல் தெரிய வாய்ப்பு அதிகம். வலியே இல்லாமல் அதோடு ஆடிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். மறுபக்கம், அறுவை நடந்த ஜவ்வு ஸ்கேனில் மாதக்கணக்கில் ஒரு மாதிரியாகவே தெரியும்; அது ஆறும் விதமே அப்படி. படத்தை மட்டும் பார்த்து விலை குறைப்பதும் தப்பு, படத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பதும் தப்பு.

எலும்புக்கு வந்தால், எக்ஸ்ரேயில் கூடிவிட்டதாகத் தெரியும் முறிவு சிடி ஸ்கேனில் பாதிதான் கூடியிருக்கும். சுண்டுவிரல் பக்கத்துப் பாத எலும்பு இதற்குப் பேர் போனது. அங்கே ரத்த ஓட்டம் குறைவு. ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தாலும், முழுசாகக் கூடும் முன் ஓட விட்டால் மறுபடி உடையும்.

அறுவை நடந்து 3 வாரத்தில் வருபவரை எப்படித்தான் சோதிப்பது?

சோதிக்க முடியாது என்பதுதான் உண்மையான பதில். புதிதாகத் தைத்த முழங்கை ஜவ்வை எந்த டாக்டரும் இழுத்துப் பார்க்க மாட்டார். ஆறியிருந்தால், கட்டை விரலைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்து, உள்முழங்கையில் வலி வருகிறதா, இடைவெளி திறக்கிறதா என்று பார்க்கலாம். 3 வாரத்தில் அதெல்லாம் நினைக்கவே கூடாது.

அப்போது கையைவிடக் காகிதம்தான் பேசும். அறுவை சிகிச்சைக் குறிப்பை வரி வரியாகப் படிக்க வேண்டும். பழைய ஜவ்வையே தைத்து நாடா வைத்துப் பலப்படுத்தினார்களா, அல்லது உடம்பின் வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்துப் புதிதாகக் கட்டினார்களா? இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் வித்தியாசம். என்எஃப்எல்லில் பிராக் பர்டி 2023 ஜனவரியில் இதே ஜவ்வு கிழிந்தபோது, தைத்துப் பலப்படுத்தும் வகை அறுவைதான் நடந்தது. மார்ச் 10-ல் அறுவை, செப்டம்பரில் முதல் ஆட்டத்திலேயே இறங்கினார். புதிதாகக் கட்டும் வகையாக இருந்திருந்தால் அந்த சீசனின் தொடக்கம் போயிருக்கும். சுண்டுவிரலில் மரத்துப்போன உணர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கலாம். முழங்கையை ஒட்டி ஓடும் நரம்பின் நிலைமை அதில் தெரியும். அறுவை செய்தவரை போனில் பிடித்து, "உள்ளே திறந்தபோது என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்கும் 10 நிமிடப் பேச்சு, இன்னொரு ஸ்கேனைவிட மேல் என்பது என் எண்ணம்.

டாக்டர்களே ஒத்துப்போகாவிட்டால்?

அடிக்கடி நடப்பது. இதில் மறக்க முடியாத கதை என்எஃப்எல் குவார்ட்டர்பேக் ட்ரூ பிரீஸுடையது.

2005-ன் கடைசி நாளில் அவருக்கு எறியும் தோள் மூட்டு விலகி, உள்ளே ஜவ்வுகள் கிழிந்தன. டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் அறுவை செய்தார். 2006 மார்ச்சில் அவரை எடுக்க இரண்டு அணிகள் யோசித்தன: மயாமி டால்ஃபின்ஸ், நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ். டால்ஃபின்ஸின் டாக்டர்கள் தோளைப் பார்த்துத் தயங்கினார்கள். அப்போது அங்கே தலைமைக் கோச்சாக இருந்தவர் நிக் சேபன். அந்த அணி பிரீஸை விட்டுவிட்டு டான்டே கல்பெப்பரை வாங்கியது. அவருக்கும் முந்தைய சீசனில் முழங்கால் ஜவ்வுகள் மூன்று கிழிந்திருந்தன. தோளைவிட முழங்கால் பரவாயில்லை என்பது கணக்கு. கல்பெப்பர் டால்ஃபின்ஸுக்காக 4 ஆட்டம்தான் ஆடினார். 6 வருடம், 6 கோடி டாலருக்குச் செயின்ட்ஸ் எடுத்த பிரீஸ் 2009 சீசனில் என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை ஜெயித்துக் கொடுத்தார். சேபன் 2007-ல் அலபாமாவுக்குப் போய்க் கல்லூரி ஃபுட்பாலின் வரலாற்றையே மாற்றினார்.

டால்ஃபின்ஸின் டாக்டர்கள் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தோள் மோசமாகத்தான் அடிபட்டிருந்தது. அபாயத்தைச் சரியாகப் பார்த்தார்கள். அதே கண்டிப்பை அடுத்த ஆளின் முழங்காலிடம் காட்டவில்லை என்பதுதான் பிழை. போர்ட்டலில் ஆள் தேடும் கல்லூரிகளும் இதையே செய்யக்கூடும். ஒருவரிடம் குறை கண்டு விட்டுவிட்டு, சந்தை மூடும் அவசரத்தில் அடுத்தவரைச் சோதிக்காமலே எடுப்பது.

பேஸ்பாலில் கார்லோஸ் கொரியாவுக்கு நடந்தது இன்னும் பெரிய தொகை. 2022 டிசம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸோடு 35 கோடி டாலர் பேசி, மருத்துவப் பரிசோதனையில் இழுபறி. உடனே நியூயார்க் மெட்ஸோடு 31.5 கோடி, அங்கேயும் பரிசோதனையில் நின்றது. கடைசியில் மினசோட்டா ட்வின்ஸோடு 6 வருடத்துக்கு 20 கோடியில் முடிந்தது. பிரச்சினை, 2014-ல் அறுவை நடந்த கணுக்கால். அங்கே ஏஜென்ட், சங்கம், வக்கீல்கள் எல்லாம் இருந்தார்கள். அதே மாதிரி சிக்கலில் 20 வயதுக் கல்லூரிப் பையனை வைத்துப் பாருங்கள்.

'பாஸ்', 'ஃபெயில்' என்று முடிவு சொல்வார்களா?

நேரடி ஃபெயில் அரிது. பெரும்பாலும் அபாயம் குறைவு, நடுத்தரம், அதிகம் என்ற தரம்தான். அந்தத் தரம் ஒப்பந்தத்தில் பணமாக மாறுகிறது. மொத்தமாகக் கொடுக்காமல் மாதத் தவணை, ஆடும் ஆட்டங்களுக்கு ஏற்பக் கூடுதல், குறிப்பிட்ட தேதிக்குள் டாக்டர் அனுமதி கிடைத்தால் மட்டும் அடுத்த பகுதி என்று எழுதுவார்கள். "பரிசோதனையில் தேறினால் மட்டுமே ஒப்பந்தம் செல்லும்" என்ற வரி இருந்தால், அந்தப் பரிசோதனை எப்போது, யார் செய்வது, தேறாவிட்டால் இன்னொரு டாக்டரிடம் கேட்க உரிமை உண்டா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடவே கூடாது. போர்ட்டல் மூடிய பிறகு தேறவில்லை என்று சொன்னால் பையன் எங்கே போவான்?

அணி டாக்டர் யாருடைய ஆள்?

காகிதத்தில், யாருடைய ஆளும் இல்லை. டாக்டரும் ட்ரெய்னரும் எடுக்கும் மருத்துவ முடிவில் கோச் தலையிடக் கூடாது என்பது என்சிஏஏ விதி. நீதிமன்றமும் டாக்டரின் முடிவுக்கு மதிப்புக் கொடுத்திருக்கிறது. 1996-ல் நாப் எதிர் நார்த்வெஸ்டர்ன் வழக்கில், பள்ளிக் காலத்தில் இதயம் நின்று பிழைத்த ஒரு கூடைப்பந்து வீரரை ஆட விடாத பல்கலைக்கழகத்தின் முடிவு சரி என்று 7-ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருடைய உதவித்தொகையைப் பல்கலைக்கழகம் நிறுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் வாங்கும் முன் நடக்கும் பரிசோதனையில் டாக்டர் பதில் சொல்ல வேண்டியது பணம் போடுகிறவருக்கு. "இந்த முழங்கால் இந்த ஒரு சீசன் தாங்குமா?" என்பது அவர்கள் கேள்வி. "40 வயதில் மாடிப்படி ஏற முடியுமா?" என்பது பையனின் கேள்வி. அதை அந்த அறையில் யாரும் கேட்பதில்லை. என்எஃப்எல் வீரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, அணியின் செலவில் வேறொரு டாக்டரிடம் காட்டும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. கல்லூரி வீரர்களைக் கல்லூரிகள் ஊழியர்களாகவே ஏற்பதில்லை. சங்கமும் இல்லை. கோடிகளில் சம்பளம் பேசும் இடத்தில் இந்த ஒரு உரிமையைக் கொடுக்க என்ன கஷ்டம்? எனக்கு இது சரியாகப் படவே இல்லை.

தகவல் ஒரே பக்கம் குவிவதும் உண்டு. நோட்ர டேம் வீரர் ஜேலன் ஸ்மித்துக்கு 2016 ஜனவரி 1 அன்று நடந்த ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வுகள் கிழிந்து, பாதத்தைத் தூக்கும் நரம்பும் பாதிக்கப்பட்டது. பல அணிகள் பயந்து விலகின. டல்லஸ் கவ்பாய்ஸ் 34-ஆவது ஆளாக எடுத்தது. அவருக்கு அறுவை செய்த டாக்டர் டான் கூப்பர் கவ்பாய்ஸின் அணி டாக்டர். மற்றவர்கள் படத்தில் பார்த்த முழங்காலை அவர் திறந்தே பார்த்தவர்.

மருத்துவக் கோப்பைப் பார்த்தால் வேண்டவே வேண்டாம் என்று தோன்றி, பிறகு ஜெயித்தவர்கள் உண்டா?

குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ் ஜூனியர். இந்தியானா பல்கலைக்கழகத்தில் 4 வருடம், நாலு வருடமும் காயத்தில் முடிந்தன. 2018-ல் வலது முழங்கால் ஏசிஎல், 2019-ல் கழுத்தெலும்பு மூட்டு, 2020-ல் மறுபடியும் அதே ஏசிஎல், 2021-ல் தோள். இந்தக் கோப்பைப் பெயர் மறைத்து எந்த டாக்டரிடம் கொடுத்தாலும் உதட்டைப் பிதுக்குவார். வாஷிங்டன் பல்கலைக்கழகம் எடுத்தது. காரணம், அங்கே புதிதாக வந்த கோச் கேலன் டிபோர் 2019-ல் இந்தியானாவில் அவரோடு வேலை செய்தவர். 2022 சீசனில் மொத்தம் 4,641 யார்டு தூரம் எறிந்தார், 2023-ல் 4,903. அணி தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. 2024-ல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் 8-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. 2025 நவம்பரில் இடது முழங்கால் ஏசிஎல் கிழிந்தது என்பதும் உண்மை. வாஷிங்டனில் அந்த இரண்டு வருடம் கிடைத்ததும் உண்மை. முழங்காலின் கடந்த காலத்தை டாக்டர் சொல்வார். பையன் தெரபிக்கு விடிகாலையில் ஒழுங்காக வருவானா என்பதை அவனோடு இருந்தவர்தான் சொல்ல முடியும்.

எதிர்ப்பக்கம் ஜேடி டேனியல்ஸ், இவரும் குவார்ட்டர்பேக். 2019-ல் யூஎஸ்சி என்ற சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஏசிஎல் போய், 2020-ல் ஜார்ஜியாவுக்கு வந்தார். டாக்டர் அனுமதி தள்ளிப்போக, நவம்பர் 21 அன்றுதான் முதலில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். அன்றே 401 யார்டு எறிந்தார். அடுத்த வருடம் விலாப் பக்கத் தசையில் காயம், இடம் வேறொருவருக்குப் போனது. பிறகு வெஸ்ட் வர்ஜினியா, ரைஸ் என்று மாறி, 2023-ல் தலைக்காயங்களால் ஆட்டத்தையே விட்டார். முழங்காலை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முடித்தது தலை.

தலைக்காயத்தை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. எத்தனை தடவை, எப்போது, எத்தனை நாளில் தலைவலி போனது என்று வீரர் சொல்வதை நம்பித்தான். ஞாபகசக்தி, எதிர்வினை வேகம் பார்க்கும் கம்ப்யூட்டர் சோதனைகளின் பழைய அளவு கிடைத்தால் ஒப்பிடலாம். மறைக்க எளிதான காயம் இது, மறைத்தால் உயிருக்கே ஆபத்தான காயமும் இதுதான்.

காயம் தவிர வேறு என்ன பார்க்கிறார்கள்?

இதயம், ரத்தம். அரிவாள் செல் மரபணுக் கூறு (ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளைக்கக்கூடிய பரம்பரைக் கூறு) இருக்கிறதா என்று பார்ப்பது முதல் நிலைக் கல்லூரிகளில் 2010 முதல் கட்டாயம். 2006-ல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் டேல் லாய்ட் என்ற 19 வயது வீரர் பயிற்சியில் சுருண்டு விழுந்து மறுநாள் இறந்த பிறகு வந்த விதி.

சேர்ந்த பிறகு காயம் மோசமானால் யார் பொறுப்பு?

ரைலி லெனர்டைப் பாருங்கள். டியூக்கில் கணுக்கால் அடிபட்டு நோட்ர டேமுக்கு வந்தவர். 2024 ஜனவரியில் அறுவை, வசந்தப் பயிற்சி தொடங்கிய பிறகு மார்ச்சில் அதே கணுக்காலில் இன்னொரு அறுவை. அணி பொறுமையாக இருந்தது, சீசனில் தேசிய இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். எல்லா அணியும் அப்படிப் பொறுமை காட்டும் என்று சொல்ல முடியாது. ஆட்டத்தில் பட்ட காயத்துக்கு, கல்லூரியை விட்ட பிறகும் 2 வருடம் வரை சிகிச்சைச் செலவுக்கு 2024 ஆகஸ்ட் முதல் என்சிஏஏ ஏற்பாடு இருக்கிறது. பெரிய கல்லூரிகள் காயத்துக்காகப் படிப்பு உதவித்தொகையை நிறுத்தக் கூடாது. ஆனால் கல்லூரி நேரடியாகப் பணம் கொடுக்கும் வருவாய்ப் பங்கு ஒப்பந்தம் உதவித்தொகை ஆகாது. அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

இன்சூரன்ஸ் எடுக்கலாமா?

எடுக்கலாம். இனி ஆடவே முடியாத நிலைக்கு ஒரு வகை, காயத்தால் என்எஃப்எல் மதிப்பு குறைந்தால் இன்னொரு வகை. ஜேலன் ஸ்மித் இரண்டாவது வகையில் பணம் பெற்றவர். ஆனால் ஏற்கெனவே அடிபட்ட உறுப்பைப் பாலிசியில் விலக்கிவிடுவது வழக்கம். முழங்காலுக்குப் பயந்து எடுக்கும் பாலிசியில் முழங்காலே இல்லாமல் போகலாம். முதல் காயத்துக்கு முன்பே எடுத்தால்தான் உண்டு.

காயத்தோடு மாற நினைக்கும் பையனின் குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

போர்ட்டலில் பெயர் கொடுக்கும் முன்பே ஆரம்பியுங்கள். பெயர் ஏறிய பிறகு பழைய கல்லூரி அடுத்த பருவ உதவித்தொகையை நிறுத்தலாம், தெரபி அறைக் கதவும் மூடலாம். அறுவை சிகிச்சைக் குறிப்பு, ஸ்கேன் படங்கள் (ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்களே வேண்டும்), தெரபி அளவுகள் எல்லாவற்றின் நகலையும் உங்கள் கைக்கு வாங்கிவிடுங்கள். எந்தக் கல்லூரியோடும் தொடர்பில்லாத ஓர் எலும்பு மூட்டு டாக்டரிடம் உங்கள் செலவில் ஒரு தடவை காட்டி, எழுத்தில் கருத்து வாங்குங்கள். அவரிடம் அந்த 40 வயதுக் கேள்வியைக் கேளுங்கள். ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டுங்கள். ஏஜென்டுக்குப் பேரம் முடிந்தால்தான் கமிஷன்.

கல்லூரிக்கு நேரில் போகும்போது அங்கே தெரபி யார் பார்க்கிறார்கள், முதல் நாள் முதல் யார் பொறுப்பு என்று கேளுங்கள். மைதானத்தையும் லாக்கர் அறையையும் சுற்றிக் காட்டுவார்கள். தெரபி அறையையும் காட்டச் சொல்லுங்கள், பையனைக் கவனிக்கப்போகும் ட்ரெய்னரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.